பூட்டு விழாத ட்ரெய்லர்

பம்பரம் என்ற பெயர் அவளுக்கு எடை மேடையில் வேலை பார்த்தபோது வந்தது. சரக்கு வண்டிகள் ஏறி நின்று எடை போட்டுக்கொண்டு போகும் இடம் அது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக் கொடுத்தால் போதும், சம்பளம் வந்துவிடும். அவளுக்கோ இருப்புக் கொள்ளாது. ஒவ்வொரு வண்டிக்கும் இறங்கிப் போவாள். தார்ப்பாய்க் கயிற்றைச் சுண்டிப் பார்ப்பாள். டயரை எட்டி உதைப்பாள். டிரைவரிடம் சாப்பிட்டாயா, எங்கே போகிறாய், கண் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது என்று துருவுவாள். இந்தப் பொம்பளை நிற்கவே மாட்டாளா, பம்பரம்கூட சுத்தி முடிச்சா படுத்துடுமே என்று ஒரு கிழ டிரைவர் சொன்னார். அன்றிலிருந்து அவளுடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு சரி.

இன்ஷூரன்ஸ் பக்கம் அவள் வந்ததும் அந்த அறையிலிருந்துதான். வண்டி முதலாளிகளைப் பிடிப்பதற்காக ஒரு ஏஜென்ட் அங்கே அடிக்கடி வருவார். அவருக்கு முழங்கால் வலி. லாரிகள் நிறுத்தும் யார்டு யார்டாக நடக்க முடியாமல் அவளை அனுப்பத் தொடங்கினார். கொஞ்ச நாளில் அவளே பரீட்சை எழுதி ஏஜென்ட் ஆகிவிட்டாள். கால் ஓயாத தொழில் கைக்கு வந்ததில் அவளைவிட அதிகமாக நிம்மதி அடைந்தது எடை மேடை மேனேஜர்.

மற்ற ஏஜென்ட்கள் லாரிக்குப் பாலிசி எழுதிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்கள். அவள் மட்டும் பின்னால் இருக்கும் ட்ரெய்லரையே கட்டிக்கொண்டு அழுதாள். முதலாளிகளிடம் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: இழுக்கிற லாரி ஒரு வண்டி, இழுபடுகிற ட்ரெய்லர் இன்னொரு வண்டி. இரண்டையும் இணைக்கும் கொண்டியை மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வரைக்கும் லாரியின் பாலிசி ட்ரெய்லருக்கும் சேர்த்துப் பேசும். கழற்றி யார்டில் நிறுத்திவிட்டு லாரி வேறு வேலைக்குப் போய்விட்டால், அந்த ட்ரெய்லர் கேட்பாரற்ற பிள்ளை. தீப்பிடித்தாலும் திருடு போனாலும் சாய்ந்து யார் மேலாவது விழுந்தாலும் அதற்கென்று தனியாகப் பாலிசி இருந்தால்தான் உண்டு. கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். நிற்கிற வண்டிக்கு என்னம்மா ஆகிவிடப்போகிறது என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

வீட்டில் அவளுக்கு நேரெதிர் அவள் கணவர். பிரிட்ஜ் மெக்கானிக். ஓடாத பெட்டியின் முன்னால் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்தால், அது தானாகவே தன் குறையைச் சொல்லும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். நம்ம வீட்டில் ஓடுகிற மெஷின் நீ ஒருத்திதான், அதனால்தான் உன்னைத் திறந்து பார்க்க எனக்குப் பயம் என்பார். மாடி அறையில் அவளுடைய தம்பி இருந்தான். அம்மா போனபோது அவனுக்குப் பள்ளிக்கூடம் முடியவில்லை. அதன் பிறகு அவனுக்கு எல்லாமே அக்காதான். கடை, கூரியர், கார் ஷெட் என்று எங்கேயும் கால் ஊன்றாமல் அலைந்தவனை, கனரக வண்டி லைசென்ஸ் எடுக்கவைத்து, தன்னுடைய பெரிய வாடிக்கையாளர் ஒருவரிடம் அவள் சேர்த்துவிட்டாள்.

அந்த முதலாளிக்கு டிரைவர்கள் வைத்த பெயர் கிசுகிசு. திட்டும்போதுகூடக் காதோரம் வந்து ரகசியம் சொல்வதுபோலத்தான் திட்டுவார். ட்ரெய்லர்கள் நிறைய வைத்திருந்தார். லாரிகளுக்கெல்லாம் அவளிடம்தான் பாலிசி. கழற்றி நிறுத்தும் ட்ரெய்லர்களுக்குத் தனியாக எடுங்கள் என்று அவள் சொல்லும்போதெல்லாம், பார்ப்போம்மா என்று மெல்ல முணுமுணுப்பார். அந்தப் 'பார்ப்போம்' வருஷக்கணக்கில் அப்படியே இருந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். கிசுகிசுவிடமிருந்து போன் வந்தது. மழைச் சத்தத்தில் அவர் பேசியது பாதிதான் காதில் விழுந்தது. யார்டு, ட்ரெய்லர், வெல்டிங் ஷெட். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

யார்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும் சரிவில் ஒரு வளைவு உண்டு. அதை ஒட்டி ஒரு வெல்டிங் ஷெட். இரும்புக் குழாய் ஏற்றிய ட்ரெய்லர் ஒன்று மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு, அந்த ஷெட்டின் மேல் சரிந்து கிடந்தது. பக்கச் சுவர் இடிந்து உள்ளே விழுந்திருந்தது. உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த வெல்டரின் கால் அதற்கடியில் மாட்டிக்கொண்டது. அவள் போய்ச் சேர்வதற்குள் அவரை வெளியே எடுத்து ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். நனைந்த செங்கல்லுக்கு நடுவில் அவருடைய கண்ணாடி முகமூடி மட்டும் கிடந்தது.

தம்பி ஒரு பழைய டயர் மேல் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் ஓட்டும் லாரி கொஞ்சம் தள்ளி நின்றது. அவள் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள். அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான்: ட்ரெய்லரைக் கழற்றி இங்கே நிறுத்திவிட்டு, மழைக்கு டீக்கடையில் ஒதுங்கினானாம். சத்தம் கேட்டு ஓடி வந்தானாம். மண் இளகி, ட்ரெய்லரைத் தாங்கும் முன்கால் ஒன்று அமிழ்ந்து மடங்கிவிட்டதாம். போலீஸ்காரரிடமும் அதையே சொன்னான், அதே வார்த்தைகளில். பயந்துபோய் இருக்கிறான், பாவம் என்று அவள் நினைத்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வெல்டரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எலும்பு நொறுங்கிவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும், பிறகும் பல மாதம் நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பெண் அழவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. பம்பரம் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இதுக்கு யாரு பொறுப்புன்னு மட்டும் சொல்லுங்க. யார்கிட்ட போய் நிக்கணும்னே தெரியல. எல்லாரும் இன்னொருத்தரைக் கை காட்டறாங்க."

பம்பரம் மனதுக்குள் கணக்குப் போட்டாள். கழற்றி நிறுத்திய ட்ரெய்லர் என்றால் லாரியின் பாலிசி வாய் திறக்காது. ட்ரெய்லருக்குத் தனியாகப் பாலிசி கிடையாது. அப்படியானால் கிசுகிசுதான் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அவரிடமிருந்து அதை வாங்குவதற்குள் இந்தக் குடும்பம் கோர்ட் வாசலில் தேய்ந்துபோகும். விசாரித்துச் சொல்கிறேன் என்று மென்று விழுங்கிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலையில் கிசுகிசு அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். லாரி மாட்டியிருந்தபோதே, நின்ற இடத்தில், மண் இளகிச் சாய்ந்துவிட்டதாகக் கிளெய்மில் எழுதிவிடச் சொன்னார். மாட்டியிருந்தால் பாலிசி பேசும். மண் இளகினால் யார் மேலும் தப்பில்லை. வெல்டருக்கும் நல்லது, உன் தம்பிக்கும் நல்லது, உனக்கும் எனக்கும் நல்லது. தம்பியிடம் அவர் பேசிக்கொள்வாராம். இவ்வளவையும் காற்று பேசுவதுபோலச் சொல்லிவிட்டு, அவள் முகத்தையே பார்த்தார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டாள். அன்றைக்கு அவள் போக வேண்டிய இடங்கள் எத்தனையோ இருந்தன. புதுப்பிக்க வேண்டிய பாலிசிகள், கையெழுத்து வாங்க வேண்டிய ஆட்கள். ஒரு டயர் கடைக்குள் போனாள், எதற்கு வந்தோம் என்று மறந்து வெளியே வந்தாள். பெட்ரோல் போட நின்றவள் வரிசை நகர்வதற்குள் ஸ்கூட்டரைத் திருப்பினாள். ஏதோ ஒன்று செருப்புக்குள் விழுந்த கல்லைப்போல உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் வண்டி தானாகவே போவதுபோல யார்டுக்குப் போனது.

மழை விட்டிருந்தது. ட்ரெய்லர் இன்னும் அப்படியே சாய்ந்து கிடந்தது. மேலும் சரியாமல் இருக்க மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்திருந்தார்கள். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி அதைச் சுற்றி வந்தாள்.

ஒரு பக்கத் தாங்குகால் மடங்கியிருந்தது. இன்னொரு பக்கத்தது முழுதாக மேலே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதைச் சுழற்றும் கைப்பிடி கொக்கியில் ஒழுங்காக மாட்டியிருந்தது. லாரியிலிருந்து ட்ரெய்லருக்கு பிரேக்கின் காற்று வரும் ரப்பர்க் குழாய்களைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கழற்றியிருந்தால் முனை முழுசாக இருக்கும். இவை பிய்ந்து, நார் நாராகத் தொங்கின.

அவள் அங்கேயே ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நிறுத்திவிட்டுப் போன ட்ரெய்லர் இல்லை இது. கிளம்பிப் போகும்போது கழன்று விழுந்த ட்ரெய்லர். லாரி அதை இழுத்திருக்கிறது, கொண்டி பூட்டிக்கொள்ளவில்லை. சரிவில் ஏறித் திரும்பியதும் ட்ரெய்லர் லாரியின் முதுகிலிருந்து வழுக்கி இறங்கியிருக்கிறது. தம்பி சொன்னது அத்தனையும் சப்பைக்கட்டு.

வீட்டுக்கு வந்தபோது கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் மேலே மாடியைப் பார்த்தார். சூடான மெஷினை உடனே திறந்தால் கை வெந்துவிடும், கொஞ்சம் ஆறவிடு என்றார். ஆறவிட நேரமில்லை, நாளைக் காலையில் விபத்தைப் பார்வையிட இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வருகிறார் என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள்.

தம்பி போனை அணைத்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் ஜன்னலைத் திறந்தாள், கொடியில் கிடந்த சட்டையை மடித்தாள், மறுபடியும் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஹோஸ் பிஞ்சிருக்குடா. காலு சுருட்டின மாதிரியே இருக்கு."

அவன் முதுகு ஒரு தடவை ஏறி இறங்கியது. எழுந்து உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு சொல்லத் தொடங்கினான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. சரக்கு ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று முதலாளி போன்மேல் போன் போட்டார். லாரியைப் பின்னால் எடுத்து ட்ரெய்லருக்கு அடியில் நுழைத்தான். டக்கென்று சத்தம் கேட்டது. பூட்டிவிட்டது என்று நினைத்தான். தாங்குகாலைச் சுருட்டினான், குழாயை மாட்டினான். கொண்டி பூட்டியிருக்கிறதா என்று குனிந்து உள்ளே பார்க்க வேண்டும். ஒரு தடவை மெல்ல இழுத்தும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே தொப்பலாக நனைந்திருந்தான். ஏறி உட்கார்ந்து கிளப்பிவிட்டான்.

அவளுக்கு அவனை ஓங்கி அறையவும் தோன்றியது, மடியில் போட்டுக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"நான்தான் பண்ணேன்னு சொன்னா லைசென்ஸ் போயிடும்க்கா," என்றான். "உள்ள தூக்கிப் போட்டாலும் போடுவாங்க. முதலாளி சொல்ற மாதிரியே சொல்லிடறேனே. யாருக்கும் நஷ்டமில்லல்ல?"

"சர்வேயருக்கும் கண்ணு இருக்கு. நான் பாத்ததை அவரும் பாப்பாரு. பொய்னு தெரிஞ்சா கிளெய்மைத் தூக்கிக் குப்பைல போட்டுடுவாங்க. அப்புறம் அந்த மனுஷனுக்கு ஒண்ணும் வராது."

"உண்மையைச் சொன்னா மட்டும்? என் தப்புக்குக் கம்பெனி எதுக்குக் குடுக்கணும்?"

"ஓடும்போது கழண்டு விழுந்தா அது லாரியோட பொறுப்பு. பாலிசி பேசும். தப்பு நடக்கும்னுதானேடா இன்ஷூரன்ஸே போடறோம். யாரும் தப்பே பண்ணலைன்னா எனக்கு இங்க என்ன வேலை?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "இதெல்லாம் உன் தொழிலுக்காகச் சொல்றியா, எனக்காகச் சொல்றியா?"

அந்தக் கேள்வி அவளைச் சுருக்கென்று தைத்தது. அந்த வெல்டரின் மனைவிக்காக என்று சொல்ல வாயெடுத்தாள். அதுவும் முழு உண்மையாகப் படவில்லை. லைசென்ஸ் என்ன ஆகும், கேஸ் எப்படிப் போகும் என்று தனக்குத் தெரியாது, தெரியாததைப் பற்றித் தைரியம் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். காலையில் யார்டில் இருப்பேன் என்றாள். கீழே இறங்கி வந்து, சுத்தமாக இருந்த அடுப்படியை மறுபடியும் துடைத்தாள்.

காலையில் சர்வேயர் குடையைக் கைத்தடிபோல ஊன்றிக்கொண்டு வந்தார். பருத்த உடம்பு, மூச்சு வாங்கியது. கிசுகிசு அவருடைய காதோரமாகவே நடந்தார். மாட்டித்தான் இருந்தது சார், மண்தான் சார் என்று அவர் சொல்லிக்கொண்டு போனது பம்பரத்துக்கும் கேட்டது. அவள் கேட்டுக்கும் ட்ரெய்லருக்குமாக நடந்துகொண்டிருந்தாள். வாட்ச்மேன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சர்வேயர் குனிந்து பிய்ந்த ரப்பர்க் குழாயை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். யார் ஓட்டினது என்று கேட்டார்.

கேட் பக்கம் தம்பி வந்துகொண்டிருந்தான். சவரம் செய்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். அக்காவைப் பார்க்காமல் நேரே சர்வேயர் முன்னால் போய் நின்றான்.

"நான்தான் சார். கொண்டி பூட்டிச்சான்னு பாக்காம எடுத்துட்டேன். நிறுத்தி வெச்சிருந்தேன்னு நேத்து வரைக்கும் சொன்னது பொய்."

கிசுகிசுவின் முகம் செத்துவிட்டது. சர்வேயர் குடையை ட்ரெய்லர்மேல் சாய்த்துவிட்டு, முதலில் இருந்து நிதானமாகச் சொல் என்றார். அவன் சொன்னான். சர்வேயர் போன பின்பு, கிசுகிசு தம்பியின் காதுக்குப் போய் ஏதோ சொன்னார். இனிமேல் வர வேண்டாம் என்பதுதான் அது. அதையும் அவர் உரக்கச் சொல்லவில்லை.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்துவிடவில்லை. போலீஸ் கேஸ் ஆனது. ஜெயில் இல்லை, அபராதமும் லைசென்ஸ் முடக்கமும் வந்தன. கம்பெனி கேள்விமேல் கேள்வி அனுப்பியது. ஒவ்வொன்றுக்கும் அவள் நேரில் போய் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். உட்காருங்கம்மா என்றால் உட்கார மாட்டாள். இந்த அம்மாவை அனுப்பிவைப்பதற்காகவாவது பைலை முடியுங்கள் என்று ஒரு அதிகாரி சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டாள். கடைசியில் கிளெய்மை ஏற்றுக்கொண்டார்கள். ஆபரேஷன் செலவும், வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானமும், ஷெட்டின் சுவரும் பாலிசியிலேயே அடங்கின. யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று கேட்ட பெண்ணை அவள் கையோடு கூட்டிக்கொண்டு போய், கையெழுத்துப் போடும்வரை கூடவே நின்றாள்.

வெல்டரின் கால் கூடிவந்தது. கொஞ்சம் இழுத்துத்தான் நடந்தார். தம்பி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொரு தடவை வீட்டுக்கே போனான். உட்கார் என்று அவர் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். மன்னித்தேன் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை. அவன் அதைக் கேட்கவும் இல்லை.

கிசுகிசு தன் எல்லா ட்ரெய்லர்களுக்கும் தனித்தனியாகப் பாலிசி எடுத்தார். வேறொரு ஏஜென்டிடம். அந்தச் செய்தி காதில் விழுந்த அன்று பம்பரம் சாப்பிடவில்லை. வருஷக்கணக்கில் நான் தொண்டை வறளக் கத்தினேன், இப்போது எவனோ வந்து கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்று வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். நீ கத்தினது வீணாப் போகல, வேற ஆளு வீட்டு பிரிட்ஜில் ஐஸ் கட்டியிருக்கு, அவ்வளவுதான் என்றார் கணவர். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மறுநாளே கிளம்பி, அதுவரை கால் வைக்காத யார்டுகளாகப் பார்த்து ஏறி இறங்கினாள்.

தம்பி வெகுநாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வெளியே கிளம்பிய பிறகுதான் மாடியிலிருந்து இறங்குவான். ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைக்குப் போனான். மாமாவிடம் பேசுவான், அவரோடு சேர்ந்து பழைய பிரிட்ஜைத் தூக்கி வைப்பான். அக்கா உள்ளே நுழைந்தால் போன் வந்ததுபோல எழுந்து போய்விடுவான். அதுதான் அவளைத் தின்றது. அதட்டிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். கடைசியில் அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து மூடிவைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகக் கற்றுக்கொண்டாள்.

லைசென்ஸ் திரும்ப வந்த மாதம், வேறொரு கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்தது. அதை அவனாகவேதான் தேடிக்கொண்டான். சேருவதற்கு முந்தைய நாள் மத்தியானம் கீழே வந்து சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டான். சோற்றை எடுத்துப் போட்டாள். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"அன்னிக்கு நான் வந்திருக்கலைன்னா, நீயே சொல்லியிருப்பியாக்கா?"

சொல்லியிருப்பேன் என்றால் அவன் எழுந்து போய்விடுவானோ என்று பயமாக இருந்தது. சொல்லியிருக்க மாட்டேன் என்றால், அந்த ஆஸ்பத்திரி வராந்தா கண் முன்னால் வந்து நின்றது.

"தெரியலடா," என்றாள். "சத்தியமாத் தெரியல. நீ கேட் பக்கம் வர்ற வரைக்கும் நடந்துட்டேதான் இருந்தேன்."

அவன் தலையை ஆட்டினான். தண்ணீரை எடுத்து அவள் பக்கம் நகர்த்திவைத்தான். நாளைக்குக் காலையில் சீக்கிரம் கிளம்பணும், எழுப்பிவிடு என்றான். அவள் சரி என்று சொல்வதற்குள் போன் அடித்தது. கண்ணாடித் தகடு ஏற்றிய ஒரு ட்ரெய்லர் எங்கேயோ பள்ளத்தில் இறங்கி நிற்கிறதாம், முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம். மாட்டியிருக்கா, கழட்டியிருக்கா என்று கேட்டுக்கொண்டே அவள் எழுந்தாள். பாதி சாப்பாடு தட்டிலேயே இருந்தது.

"சாப்பிட்டுட்டுப் போ," என்றான் தம்பி.

அவள் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். பிறகு, என்ன நினைத்தாளோ, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மீதியையும் சாப்பிட்டாள். கால் மட்டும் மேஜைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது.